ஒரு குடத்துக்கு மூன்று குடம்

வெயில் ஏறத் தொடங்கியதும் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பிக்கும். சமையலறை சிங்க்குக்குக் கீழே ஒரு நீல பக்கெட், அதற்குள் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. மெஷினின் கழிவு வெளியேறும் மெல்லிய வெள்ளைக் குழாய், பக்கத்தில் ஒரு ரோஜாத் தொட்டி. "வேஸ்ட் தண்ணியைச் சாக்கடையில விடாதீங்க, செடிக்கு ஊத்துங்க." பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் என நாலு ஏரியும் தரை தெரிய வறண்ட 2019 கோடைக்குப் பிறகு சென்னையில் இது வேதவாக்காகவே ஆகிவிட்டது. நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அந்த ரோஜாத் தொட்டியை இரண்டு மாதம் கழித்து யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. இலை நுனி முதலில் பழுப்பாகும். பிறகு அந்தப் பழுப்பு ஓரத்தோடு ஓரமாகக் கீழே இறங்கும். தொட்டியின் உள்விளிம்பில் சுண்ணாம்பு தடவினாற்போல ஒரு வெள்ளைக் கோடு படியும். "இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி" என்று சொல்லிப் புதுச் செடி வாங்கி வைப்பார்கள். அதே பக்கெட், அதே தண்ணீர்.

அறிவுரை பொய்யில்லை, அரைகுறை. அந்த பக்கெட்டில் இருக்கும் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று யாரும் கேட்பதில்லை. அதைவிட முக்கியமான கேள்வி, அந்த பக்கெட் நிரம்ப வேண்டிய அவசியம் இருந்ததா என்பது. பக்கெட் வைத்தவுடன் மனசு ஆறிவிடுகிறது, கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடம் கழிவு என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டு மெஷினும் அதே மூன்று குடம்தான் தள்ளுகிறதா என்று பார்த்தவர்கள் குறைவு. ஆறு குடம் தள்ளும் மெஷின்களும் இருக்கின்றன.

முதலில் ஐந்து லிட்டர்

அளப்பது எளிது, கருவி எதுவும் வேண்டாம். மெஷின் டேங்க் நிரம்பித் தானாக நிற்கும்வரை காத்திருங்கள். நின்றதும் கழிவுக் குழாயை ஒரு பெரிய பக்கெட்டில் விட்டுவிட்டு, நல்ல தண்ணீர்க் குழாயைத் திறந்து சரியாக 5 லிட்டர் பிடித்து எடுங்கள். அளவு தெரிந்த ஒரு லிட்டர் பாட்டிலால் ஐந்து முறை பிடித்தால் போதும். பிறகு மெஷின் மறுபடி நிரம்பித் தானாக நிற்கும்வரை விடுங்கள். பக்கெட்டில் சேர்ந்ததை அதே பாட்டிலால் அளந்தால் கணக்கு கையில். நிரம்பிய இடத்திலிருந்து தொடங்கி நிரம்பிய இடத்திலேயே முடிப்பதால் டேங்கின் கொள்ளளவோ மிதவையின் உயரமோ கணக்கைக் கெடுக்காது. 15 லிட்டர் சேர்ந்தால் ஒன்றுக்கு மூன்று. 30 சேர்ந்தால் மெஷினில் கோளாறு.

அந்தக் கோளாறு பெரும்பாலும் மூன்றில் ஒன்று. உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பரேன் அடைத்துப்போய் நல்ல தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும், கழிவு மட்டும் பழைய வேகத்திலேயே ஓடும். அல்லது முன்னால் இருக்கும் வண்டல் ஃபில்டர் சேறாகி, மெம்பரேனுக்குப் போக வேண்டிய அழுத்தம் போய்ச் சேராது. அல்லது கழிவைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர், சர்வீஸ்காரர்கள் சுருக்கமாக எஃப்.ஆர். என்பது, அளவு மாறிப் பொருத்தப்பட்டிருக்கும். நாலாவது ஒன்று உண்டு, யாரும் கவனிக்காதது: எஸ்.வி. என்கிற சோலனாய்டு வால்வு மூடாமல் மாட்டிக்கொள்வது. மெஷினின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கழிவுக் குழாயைப் பாருங்கள். கரண்ட் இல்லாதபோது அந்த வால்வு மூடியிருக்க வேண்டும். இரண்டு நிமிடம் கழித்தும் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தால் வால்வு போய்விட்டது. அப்படியானால் ஊரே தூங்கும் ராத்திரியிலும் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மெல்லிய ஓடை சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வால்வு போயிருந்தால் இந்த ஒரு சோதனை நிறையத் தண்ணீரை மிச்சப்படுத்தும்.

சிலர் கழிவைக் குறைக்கிறேன் என்று அந்த வெள்ளைக் குழாயில் கிளிப் போட்டு நெரிப்பார்கள், அல்லது சின்ன எஃப்.ஆர். மாட்டச் சொல்வார்கள். செய்யாதீர்கள். கழிவு நீருக்கு ஒரு வேலை இருக்கிறது: பிரிந்த உப்பை மெம்பரேனின் மேல் தங்கவிடாமல் அடித்துக்கொண்டு போவது. ஓட்டம் குறைந்தால் கால்சியம் அங்கேயே படிந்து இறுகிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிறதே, அதே வெள்ளைப் படிவு. இரண்டு வருஷம் வர வேண்டிய மெம்பரேன் சில மாதத்தில் கையை விரிக்கும்.

உப்பு எங்கே போகும்?

நாலு பேர் உள்ள வீட்டில் குடிக்க, சமைக்க என்று நாளுக்கு 20 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கழிவு 60 லிட்டர். உள்ளே போனது 80. வருவது போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதன் டி.டி.எஸ். 1,500. அதாவது லிட்டருக்கு ஒன்றரை கிராம் கரைந்த உப்பு. 80 லிட்டரில் 120 கிராம். குடிக்கும் 20 லிட்டரில் ஒன்றரை கிராம்தான் வந்து சேரும். மீதி 118 கிராமும் அந்த நீல பக்கெட்டில் இருக்கிறது. சமையலுப்பு மட்டுமல்ல, கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் எல்லாம் கலந்தது. மாதத்துக்கு மூன்றரைக் கிலோ. மூன்றரைக் கிலோ உப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் மாடித் தோட்டத்தில் தூவச் சொன்னால் யாரும் தூவ மாட்டோம். கரைத்துக் கொடுத்தால் ஊற்றிவிடுகிறோம். செடி தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு உப்பைத் தொட்டியிலேயே விட்டுவிடும். அடுத்த நாள் மறுபடி.

"அப்படியென்றால் கழிவு குறைவாக வரும் புது மாடல் வாங்கிவிடலாமே" என்று தோன்றும். தண்ணீர் மிச்சமாகும், சந்தேகமில்லை. ஆனால் அதே 1,500 தண்ணீரை எடுத்துக்கொண்டால், நாலில் ஒரு பங்கை நல்ல தண்ணீராக எடுக்கும் மெஷினின் கழிவில் டி.டி.எஸ். சுமார் 1,975. பாதியை எடுக்கும் மெஷினின் கழிவு 2,900. முக்கால் பங்கை எடுத்தால் 5,800. கழிவின் அளவு குறையக் குறைய அதன் உப்பு ஏறுகிறது. உள்ளே போன உப்பு எங்கும் போகாதே. சிக்கனமான மெஷினின் பக்கெட்டைச் செடிக்கு ஊற்றுகிறவர்தான் செடியைச் சீக்கிரம் கொல்லுவார்.

இதைவிட மோசமான ஒன்று சில குடியிருப்புகளில் நடக்கிறது: எல்லா வீட்டு ஆர்.ஓ. கழிவையும் ஒரு குழாயில் சேர்த்து மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் விடுவது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கப்பட்ட அந்தக் குழி மழைத் தண்ணீருக்கானது. மழையில் உப்பு ஏறக்குறைய கிடையாது. அது இறங்கினால்தான் போர் தண்ணீர் நீர்த்துப்போகும். 80 லிட்டர் தண்ணீரோடு மேலே வந்த அதே உப்பை 60 லிட்டரில் கரைத்துத் திருப்பி அனுப்பினால், அதே கிணற்றை நாமே கொஞ்சம் கொஞ்சமாகக் கரிக்க வைக்கிறோம். பாராட்டி விருது கொடுக்கும் வேலை போலத் தெரிந்தாலும் இது வேண்டாத வேலை.

எந்தக் குழாய்?

பக்கெட்டும் புது மாடலும் இரண்டாம்பட்சம் என்பது இங்கேதான் பிடிபடுகிறது. உள்ளே போகும் தண்ணீர் எது என்பதுதான் மொத்தக் கணக்கையும் ஆட்டிவைக்கிறது. சென்னையின் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு, குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும். சில கட்டடங்களில் இரண்டும் ஒரே சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், கலக்கும். சிலவற்றில் மெட்ரோவுக்குத் தனி சம்ப், தனி மாடி டேங்க், சமையலறை சிங்க்கில் தனியாக ஒரு குழாய். மெஷின் மாட்ட வருகிறவர் சுவரில் எந்தக் குழாய் கைக்கெட்டுகிறதோ அதில் இன்லெட் வால்வைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அது போர் தண்ணீராக இருந்துவிட்டால், ஓர் அடி தள்ளி நல்ல தண்ணீர் வந்துகொண்டிருக்க, மெஷின் ஆயுசுக்கும் உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டும்.

சில நூறு ரூபாய்க்கு விற்கும் பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டர் ஒன்று குடியிருப்பு மொத்தத்துக்கும் போதும். அளக்கும்போது தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது. மொட்டை மாடி டேங்கில் வெயிலில் கொதித்த மத்தியான நேரத் தண்ணீரை அப்படியே அளக்காதீர்கள், டம்ளரில் பிடித்து ஆறவையுங்கள். முனையை அதே தண்ணீரில் ஒருமுறை அலசி, உள்ளே முக்கி, லேசாகத் தட்டிக் குமிழியை விரட்டி, எண் நிற்கும்வரை பொறுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொரு குழாயையும், ஆர்.ஓ. தண்ணீரையும், பக்கெட்டில் உள்ளதையும் தனித்தனியாக அளந்து சுவரில் எழுதி ஒட்டுங்கள். கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை. போர் தண்ணீரின் எண் இரண்டுக்கும் நடுவே கணிசமாக மாறும்.

இந்திய தர அமைவனத்தின் குடிநீர்த் தரத்தில் டி.டி.எஸ்.ஸுக்கு ஏற்கத்தக்க அளவு 500. வேறு நீர் ஆதாரமே இல்லையென்றால் 2,000 வரை அனுமதி. 500-க்குக் கீழே தண்ணீர் வரும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி 2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. விளம்பரங்கள் மாறியதாகத் தெரியவில்லை. மெட்ரோ குழாயில் 500-க்குள் வருகிறதென்றால் அந்தத் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து, மண்பானையில் ஊற்றிவைத்தால் போதும். கேஸ் செலவு உறுத்தினால், புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் யு.வி. அல்லது நுண்துளைச் சவ்வால் கிருமியை வடிகட்டும் யு.எஃப். மட்டும் உள்ள ஃபில்டர். கழிவுக் குழாய் இல்லாத சாதி அது. குளோரின் வாடை கொதிக்கும்போதே போய்விடும்.

இதைச் சொன்னால் வரும் முதல் பதில், "எங்க மெஷின்ல டி.டி.எஸ். 30 காட்டுது, அவ்வளவு சுத்தம்" என்பது. சர்வீஸ்காரர் மீட்டரை நீட்டி எண்ணைக் காட்டும் அந்த நிமிடத்தில்தான் இந்த நம்பிக்கை ஊன்றப்படுகிறது. அந்த மீட்டர் பார்ப்பது தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதை மட்டும்தான். கிருமி அதன் கண்ணில் படாது. பூச்சிமருந்தும் படாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினாலே பல்லையும் எலும்பையும் கெடுக்கும் பொருள் அது. டி.டி.எஸ். 600 உள்ள தண்ணீரில் 3 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீட்டர் 600 என்றுதான் காட்டும். அந்த வட்டாரத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் 2013 முதல் காவிரித் தண்ணீர் போகக் காரணமே இதுதான். அங்கே இன்னும் ஆழ்துளைக் கிணற்றை நம்பும் வீட்டுக்கு ஆர்.ஓ. தேவை. 1,500 போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லாத வீட்டுக்கும் தேவை. 250 மெட்ரோ தண்ணீரை 15 ஆக்கிக் குடிக்கும் வீட்டுக்கு அது வெறும் சத்தம்.

ஆர்.ஓ. வேண்டும்தான் என்றால், மெஷினை மெட்ரோ குழாய்க்கு மாற்றுவது அரை மணி வேலை. ஒரு இன்லெட் வால்வு, கொஞ்சம் டெஃப்லான் டேப், தேவையான நீளத்துக்குக் கால் அங்குலக் குழாய். மெட்ரோ தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் வரும் வீட்டில் இது சரிப்படாது. அங்கே பழைய வழிதான்: வரும்போது இரண்டு குடம் பிடித்து மூடிவைப்பது. கேன் தண்ணீருக்கு மாறிவிடலாம் என்பார்கள். அந்த 20 லிட்டர் கேனும் பெரும்பாலும் எங்கோ ஒரு ஆர்.ஓ. கம்பெனியில் நிரம்பியதுதான். நம் பக்கெட்டை வேறு ஊர்க் கிணற்றுக்கு அனுப்பியிருக்கிறோம், அவ்வளவே.

ஆர்.ஓ. இருந்தே ஆக வேண்டிய வீட்டில் அதன் தண்ணீர் எதற்குப் போகிறது என்று பார்க்கலாம். அரிசி களைய, காய் கழுவ, முட்டை வேகவைக்க அது எதற்கு? ஒரு லிட்டர் எடுத்தால் மூன்று லிட்டர் கழிவு என்ற கணக்கில், நாலு லிட்டரில் அரிசியும் காயும் கழுவினால் 12 லிட்டர் போயிற்று. பருப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. கடினத்தன்மை உள்ள தண்ணீரில் பருப்பு வேக மறுக்கும், கால்சியம் அதன் தோலையும் சதையையும் இறுக்கிவிடும். டீக்கும் விலக்கு. போர் தண்ணீர் டீயின் மேல் மிதக்கும் அந்த எண்ணெய்ப் படலத்தைச் சகித்துக்கொள்ளச் சொல்லும் அளவுக்குச் சுற்றுச்சூழல் பற்று யாருக்கும் தேவையில்லை. அரிசி களைந்த தண்ணீரை அந்தக் காலத்தில் கழுநீர்ப் பானையில் சேர்த்து மாட்டுக்கு வைப்பார்கள். மாடு இல்லாத மூன்றாவது மாடியில் அது தாராளமாகச் செடிக்குப் போகலாம், அதே நாளில் ஊற்றினால். மறுநாள் வைத்தால் புளித்து நாறும், கொசு வேறு வரும்.

டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு பல மெஷின்களில் உண்டு. மெம்பரேன் வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவது அதன் வேலை. 600 தண்ணீர், மெம்பரேனைத் தாண்டி வருவது 40 என்றால், ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் 150 வரும். சுவையும் வரும், 20 லிட்டரில் 16 மட்டுமே மெம்பரேன் வழியாகப் போவதால் கழிவும் 60-லிருந்து 48 ஆகும். கலப்பது யு.வி.க்கு முன்னால் நடக்க வேண்டும். மூலத் தண்ணீரில் ஃபுளோரைடு, நைட்ரேட் போன்ற சிக்கல் இருந்தால் இந்தத் திருகைத் தொடவே கூடாது, எதை வடிகட்ட மெஷின் வாங்கினோமோ அதையே கலந்து குடிப்பதாகிவிடும்.

மிச்சமிருக்கும் பக்கெட்

இவ்வளவுக்கும் பிறகு வரும் கழிவுக்கு மிகச் சரியான இடம் கழிப்பறை. ஒரு ஃப்ளஷுக்கு 6 முதல் 10 லிட்டர் போகும். அறுபது லிட்டர் ஆறு முதல் பத்து ஃப்ளஷுக்கு வரும். உப்பு எவ்வளவு இருந்தாலும் அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. மூடியுள்ள 50 லிட்டர் டிரம் ஒன்றை, மெஷினைவிடத் தாழ்வான இடத்தில், முடிந்தால் கழிப்பறைக்குப் பக்கத்தில் வையுங்கள். கால் அங்குலக் குழாயை நீட்டுவது சுலபம். குழாயின் முனையை டிரம்மின் வாயோடு கிளிப் போட்டு நிறுத்துங்கள், தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது. மூடியில் குழாய் நுழையும் துளை குழாயின் அளவுக்கே இருக்கட்டும். டெங்குக் கொசுவுக்கு இது மாதிரி தெளிந்த, அசையாத தண்ணீர்தான் பிடிக்கும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டையை நீர்மட்டத்துக்கு மேலே டிரம்மின் சுவரில் ஒட்டிவைக்கும் என்பதால் வெறுமனே கவிழ்த்தால் போதாது, வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும்.

தரை துடைக்கலாம். கறுப்பு கிரானைட்டில் மட்டும் காய்ந்ததும் வெள்ளைக் கோடு விழும். மிதியடி, வாசல் கழுவ, பாத்திரத்தில் ஒட்டிய பருக்கையை ஊறவைக்க எல்லாம் சரி. துணிக்கு வேண்டாம், சோப்பு நுரைக்காது.

செடிக்கு ஊற்றியே தீருவேன் என்றால் பக்கெட்டை மீட்டரால் அளந்துவிட்டு ஊற்றுங்கள். 500-க்குள் இருந்தால் எதற்கும் பயமில்லை. ஆயிரத்தைத் தொட்டால் ரோஜா, எலுமிச்சை, அவரை, பீன்ஸ் பக்கமே போகக் கூடாது. தென்னை, சப்போட்டா, காகிதப்பூ தாங்கும். இரண்டாயிரம் என்றால் கழிப்பறைக்குத்தான். இடையில் ஒரு வழி இருக்கிறது, அதிகம் பேர் யோசிக்காதது: ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. கடலோர ஊரின் புழுக்கமான ராத்திரியில் பக்கெட் கணக்கில் வரும். 1,600 கழிவோடு அதைச் சரிபாதி கலந்தால் 800. செடிக்கு அதிகம் தண்ணீர் வேண்டிய ஏப்ரல், மே மாதங்களில்தான் ஏ.சி.யும் அதிகம் ஓடும். குடிக்க மட்டும் ஆகாது, ஏ.சி.யின் குளிர்ச்சுருளிலிருந்து வரும் தூசியும் உலோகமும் அதில் இருக்கும்.

தொட்டியில் ஏற்கெனவே வெள்ளைக் கோடு விழுந்திருந்தால், அந்தப் படிவை மேல் மண்ணோடு ஓர் அங்குலம் சுரண்டி எறிந்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியாக வடியவிடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் அந்த வேலையை அதுவே இலவசமாகச் செய்துகொடுக்கும், தொட்டி திறந்த வெளியில் இருந்தால். பால்கனி சன்ஷேடுக்குக் கீழே இருக்கும் தொட்டிக்குச் சொட்டு மழையும் கிடைக்காது. மழை பெய்யும் இரண்டு மாதமாவது அவற்றை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

அடுத்த முறை சர்வீஸ்காரர் வரும்போது டி.டி.எஸ். எவ்வளவு என்று அவரிடம் கேட்காதீர்கள், அதை நீங்களே அளந்து சுவரில் ஒட்டியிருப்பீர்கள். எஃப்.ஆர். என்ன அளவு போட்டிருக்கிறார், எஸ்.வி. மூடுகிறதா, வண்டல் ஃபில்டரை மாற்றினாரா அல்லது அலசி மாட்டினாரா என்று கேளுங்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை 5 லிட்டர் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.